அடிபட்டவரை அசைக்கக் கூடாது

இப்படி உட்காருங்கள் அம்மா. பிளாஸ்க்கைத் தரையில் வைக்க வேண்டாம், இப்போதுதான் பினாயில் ஊற்றித் துடைத்துவிட்டுப் போனார்கள். பெஞ்சிலேயே இடம் இருக்கிறது. உங்களைச் சில நாள்களாகப் பார்க்கிறேன். சன்னலோரக் கட்டிலில் இருப்பவர் உங்கள் வீட்டுக்காரர்தானே? இடுப்பெலும்பா? வயதானால் குளியலறையில் கவனமாக இருக்க வேண்டும். சரி. அவருக்கு அடுத்த கட்டிலில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருக்கிறானே, சுடலைமணி, அவனுக்காகத்தான் நான் வருகிறேன். உறவில்லை. என்னிடம் படித்தவன். மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற வேலை பார்க்கிறான்.

நீங்கள் கேட்க நினைப்பது எனக்குப் புரிகிறது. நாள் தவறாமல் வருகிறவள் ஏன் உள்ளே போகாமல் இந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டுப் போகிறாள் என்பதுதானே? சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து வரிசையாகத்தான் சொல்வேன். நடுவில் கேட்காதீர்கள், கடைசியில் கேளுங்கள்.

என் பெயர் மங்கையர்க்கரசி. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தமிழ்வழியில் படித்தவள், தமிழ்வழியில் படிப்பித்தவள். என் பள்ளியில் திங்கட்கிழமை வழிபாட்டுக் கூட்டத்தில் சாலை விதிகளைப் பற்றி நானே பேசுவேன். வேறு யாரிடமும் அதை விட்டதில்லை. விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும்? பதறக் கூடாது. வண்டியை நகர்த்தக் கூடாது. அடிபட்டவரை அசைக்கக் கூடாது. ஆம்புலன்சுக்கும் காவல்துறைக்கும் தகவல் சொல்ல வேண்டும். கண்ணால் கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். மைதானம் முழுவதும் ஒரே குரலில் திருப்பிச் சொல்லும். சுடலைமணியும் அந்த மைதானத்தில் நின்றவன்தான்.

எனக்கே ஒரு விபத்து நேர்ந்தபோது இவற்றில் ஒன்றைக்கூட நான் தவறவிடவில்லை. ஒன்றைக்கூட. அதற்குப் பலன், இன்று என் வீட்டில் என்னோடு யாரும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை.

உள்ளே பச்சைச் சுடிதார் அணிந்துகொண்டு அவனுக்குக் கஞ்சி ஊட்டுகிறாளே ஒரு பெண், பார்த்திருப்பீர்கள். அவள் என் மருமகள் ஷர்மிளா. அன்றைக்குக் காரை ஓட்டியவள் அவள்தான். பாபநாசம் கோயிலுக்குப் போய்விட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். என் மகன் இளஞ்சேரன் வரவில்லை, அவனுக்கு வங்கியில் விடுப்பு இல்லை. நானும் அவளும் மட்டும்தான். நன்றாகத்தான் ஓட்டுவாள், நான் குறை சொல்ல மாட்டேன். எதிரில் வண்டி வருகிறது, வேகத்தடை வருகிறது என்று நான் சொல்லிக்கொண்டே வருவேன். அது ஓர் உதவிதானே?

பத்தமடை தாண்டும்போது ஒன்று கேட்டேன். என் பேரனுக்குப் பள்ளியில் தமிழை எடுத்துவிட்டுப் பிரெஞ்சு போட்டிருக்கிறார்கள். மதிப்பெண் அள்ளலாமாம். இந்த வீட்டில் தமிழ் கற்பித்த ஒருத்தி உயிரோடு இருக்கும்போது அவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றேன். அவள், “வீட்டுக்குப் போய்ப் பேசலாம் அத்தை” என்கிறாள். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே. ஒருவர் கேள்வி கேட்டால் கேட்டவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டாமா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த மரியாதை அது. “முகத்தைப் பார்த்துப் பேசு” என்றேன். எத்தனை பிள்ளைகளிடம் எத்தனை முறை சொல்லிய சொல். பார்த்தாள். அந்த நேரத்தில் கிளைச்சாலை பிரிகிற விலக்கிலிருந்து ஒரு பைக் ஏறி வந்தது.

நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பிரேக்கைத் தொடவில்லை. அதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் பெரிதாகக் கேட்டது. அடி அவ்வளவு பெரிதில்லை. பைக் சாய்ந்து கிடந்தது. அவன் காருக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். ஷர்மிளாவுக்குக் கதவைத் திறக்கவே தெரியவில்லை. நான் இறங்கினேன். நான் பதறவில்லை. முதல் விதி.

எதிரே டீக்கடை. அங்கிருந்து ஆள்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் டம்ளரில் தண்ணீரோடு வந்தார். கொடுக்கக் கூடாது என்றேன். அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தால் வயிற்றில் எதுவும் இருக்கக் கூடாது. இன்னொருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, “ஏல, ஆளுக்கொரு பக்கம் புடிங்கல, ஆட்டோல போட்டுக் கொண்டு போயிருவோம்” என்றார்.

“யாரும் தொடக் கூடாது” என்றேன்.

“ஏம்மா, நீங்க டாக்டரா?”

“ஆசிரியை.”

“அப்பச் சரி. ஏல, எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு நில்லுங்கல. டீச்சர் பாடம் எடுக்கப் போறாங்க.”

சிரித்தார்கள். ஒரு மனிதன் ரோட்டில் அடிபட்டுக் கிடக்கும்போது சிரிக்கிறார்கள். நான் பொருட்படுத்தவில்லை. நூற்றெட்டுக்கு நானே அழைத்தேன். எந்தச் சாலை, எந்த ஊர், எந்த விலக்கு, எதிரில் என்ன கடை, எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னேன். அந்தப் பக்கம் பேசிய பெண், “இவ்ளோ தெளிவா யாரும் சொல்ல மாட்டாங்கம்மா, நன்றி” என்றாள். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது.

அடுத்தது கார். நடுரோட்டில் குறுக்காக நின்றது. பின்னால் பேருந்து வந்து நின்றுவிட்டது. “வண்டிய ஓரமாப் போடுங்கம்மா, பஸ்ஸு நிக்கி” என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். காவல்துறை வந்து பார்க்கும்வரை ஓர் அங்குலம் நகரக் கூடாது என்றேன். ஷர்மிளா எங்கே எடுத்துவிடுவாளோ என்று சாவியை வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்துகொண்டே போயின. சேரட்டும். சட்டம் சட்டம்தான்.

அப்போதுதான் அவன் கண்ணைத் திறந்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான். “டீச்சரா?” என்றான்.

“யார் நீ?”

வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னான். தலை குனிந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். வலி என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அது எப்படித் தெரியும்? வகுப்பில் விடை தெரியாத பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் முனகுவார்கள். “ஒழுங்காகச் சொல்” என்றேன்.

அவ்வளவுதான் அம்மா நான் சொன்னது. எழுந்து நில் என்று நான் சொல்லவே இல்லை. ஷர்மிளாவைக் கூப்பிட்டு வேண்டுமானாலும் கேளுங்கள், அவளுக்கு என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அப்படிச் சொல்ல மாட்டாள். “ஒழுங்காகச் சொல்” என்றேன். அவன் எழுந்து நின்றான்.

கார் பானட்டைப் பிடித்தான். ஒரு காலை ஊன்றினான். அப்புறம் மற்றக் காலையும் ஊன்றினான். பானட்டிலிருந்து கையை எடுத்து, இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு, “சு. சுடலைமணி, எட்டாம் வகுப்பு ஆ பிரிவு டீச்சர்” என்றான். கணீரென்று. கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. லுங்கிக்காரர்கூட, “பாத்தியால, டீச்சரக் கண்டதும் கால் சரியாயிட்டு” என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நிற்கிற ஒருவனுக்கு எலும்பு உடைந்திருக்கும் என்று யார் நினைப்பார்கள்? நீங்கள் நினைப்பீர்களா?

அவன் தலைக்கவசம் எங்கே இருந்தது தெரியுமா? பைக்கின் கண்ணாடியில் மாட்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகு நான் எப்படிச் சும்மா இருக்க முடியும்? என் மாணவன். மைதானத்தில் நின்று திருப்பிச் சொன்னவன். பைக்கில் கம்பம் ஏறுகிற கயிறும் மின்வாரியப் பையும் கட்டியிருந்தான். கம்பத்தில் ஏறும்போது தலைக்கவசம் போடுகிறாய், ரோட்டில் மட்டும் கண்ணாடிக்குப் போட்டு அழகு பார்க்கிறாயா என்று கேட்டேன். தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். கேட்பதற்கு ஓர் ஆள் இருந்ததால் நானும் எல்லாவற்றையும் சொன்னேன். விலக்கிலிருந்து ஏறும்போது நின்று பார்க்க வேண்டாமா, வீட்டில் மனைவி மக்கள் இல்லையா, எல்லாம்.

ஷர்மிளாதான் குறுக்கே வந்துகொண்டிருந்தாள். “அத்தை, அவர உக்காரச் சொல்லுங்க.”

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்றேன்.

“வேர்த்துக் கொட்டுது அத்தை அவருக்கு.”

“வெயில்.”

“கால் நடுங்குது பாருங்க.”

“பயம். நான் பேசினால் அப்படித்தான் இருக்கும்.”

அவளும் அவனிடம் நேரே சொல்லிப் பார்த்தாள். “அண்ணா, நீங்க உக்காருங்க அண்ணா, ப்ளீஸ்.” அவன் என் முகத்தைப் பார்த்தான். உட்காரவில்லை. அந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படி, வகுப்பில் நான் உட்கார் என்று சொல்லாமல் உட்கார மாட்டார்கள். இன்றைக்கு அந்தப் பழக்கம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. சத்தம் கேட்டது. ஆனால் பக்கத்தில் வர முடியவில்லை. பேருந்தும் லாரியும் வாழைத்தார் ஏற்றிய வண்டியும் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. ஒருவனுக்காவது ஒதுங்கி வழிவிடத் தோன்றவில்லை. ஒழுக்கமில்லாத ஊர் அம்மா இது. கடைசியில் ஆம்புலன்ஸ் ஆள்கள் இருவரும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார்கள். அதுவரை அவன் நின்றான்.

வந்ததும் காலைப் பார்த்தார்கள். ஒருவர் நிமிர்ந்து, “யாருங்க இவர நிக்க வச்சது?” என்று கேட்டார்.

கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. யாரையும் தொடவிடாமல் தடுத்தவள் நான். அடிபட்டவரை அசைக்கக் கூடாது என்று அந்த இடத்தில் தொண்டை வலிக்கச் சொன்ன ஒரே ஆள் நான். என்னைப் பார்க்கிறார்கள்.

சுடலைமணிதான் பதில் சொன்னான். “நானாத்தான் எந்திரிச்சேன் அண்ணே.” சொல்லிவிட்டு மயங்கி விழுந்தான்.

இங்கே மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதலில் எலும்பில் விரிசல்தான் விட்டிருக்க வேண்டுமாம். கட்டுப் போட்டுப் படுத்திருந்தால் தானாகக் கூடியிருக்குமாம். உடம்பின் பாரம் முழுவதும் இறங்கியதில் இரண்டாக விலகிவிட்டது. இனித் தகடு வைக்க வேண்டும். நடப்பான், ஆனால் கம்பம் ஏறுவானா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். சொல்லிக்கொண்டே அவரும் அதே கேள்வியைக் கேட்டார், யார் நிற்கவைத்தது என்று. ஷர்மிளா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அவன் மனைவி பீடி சுற்றுகிறாள். மாலையில்தான் வருவாள், நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஒல்லியாக இருப்பாள். என்னிடம் கோபப்படவில்லை. “ஏற முடியலன்னா வேற என்ன டீச்சர் வேல தெரியும் அவுகளுக்கு?” என்று கேட்டாள். சும்மா, எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டாள். 

இதைவிட என்னைக் கொதிக்க வைத்தது காவல்துறை விசாரணை. தலைமைக் காவலர் இங்கேயே வந்தார். ஷர்மிளா, “நான்தான் சார் ரோட்டக் கவனிக்கல” என்றாள். ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டதற்கு, “ஏதோ யோசனைல இருந்துட்டேன்” என்றாள். பொய். அவள் யோசனையில் இல்லை, நான்தான் பேசிக்கொண்டிருந்தேனே. சுடலைமணியோ, “நான்தான் பாக்காம ஏறிட்டேன் சார். கார் ஓட்டுன அந்தம்மா மேல தப்பில்ல. அப்புறம் நானே எந்திரிச்சு நின்னுட்டேன்” என்றானாம். ஆளுக்கொரு பொய். இரண்டு பேரும் தப்பு என்னுடையது, என்னுடையது என்று அடித்துக்கொண்டால் உண்மையை யார் சொல்வது?

நான் சொல்லத் தயாராக இருந்தேன். கார் எந்தப் பக்கம் போனது, பைக் எங்கிருந்து வந்தது, தலைக்கவசம் எங்கே இருந்தது, எல்லாம் மனத்தில் வரிசையாக இருந்தது. காருக்குள் நானும் மருமகளும் என்ன பேசினோம் என்பதெல்லாம் வழக்குக்குத் தேவையில்லாத குடும்ப விஷயம், அதை விட்டுவிட்டேன். கண்ணால் கண்ட ஒரே சாட்சி நான். அந்தக் காவலர் என்ன சொன்னார் தெரியுமா? “நீங்க உக்காருங்கம்மா, அவங்க ரெண்டு பேரும் சொன்னதே போதும்.” என்னை உட்காரச் சொல்கிறார்.

இளஞ்சேரன் அன்று மாலை வீட்டுக்கு வந்தான். சட்டையைக்கூட மாற்றவில்லை. “ஏம்மா, அவரப் பாத்து ‘உக்காரு’ன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலையா?” என்று கேட்டான். பெற்ற மகன். நான், விதிப்படி என்னென்ன செய்தேன் என்று சொல்லத் தொடங்கினேன். அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். அதன்பிறகு சாப்பாடு தயார், மாத்திரை போட்டாயா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஷர்மிளா சுடலைமணிக்குத் தினமும் சமைத்து எடுத்துக்கொண்டு வருகிறாள். நானும் அதே காரில்தான் வருகிறேன், பின்சீட்டில். வேகத்தடை வந்தால்கூட இப்போது சொல்வதில்லை. பிரெஞ்சு விஷயத்துக்கு இன்னும் எனக்குப் பதில் வரவில்லை.

சரி, உள்ளே ஏன் போகவில்லை என்பதுதானே உங்கள் கேள்வி.

போனேன் அம்மா. சேர்த்த மறுநாள் போனேன். வாசலில் நின்று, எந்தக் கட்டில் என்று பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துவிட்டான். அவ்வளவுதான். இரண்டு முழங்கையையும் ஊன்றி எழும்புகிறான். காலில் கட்டிய எடை இழுக்கிறது, குளுக்கோஸ் பாட்டில் ஸ்டாண்டோடு சாய்கிறது, அவன் வாயிலிருந்து வந்த சத்தம் இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டாம். செவிலியர் ஓடி வந்தாள். சின்னப் பெண். “யாரும்மா நீங்க? உங்களப் பாத்துத்தான் எந்திரிக்காரு. வெளிய போங்க மொதல்ல” என்றாள். வாழ்நாளில் நான் எத்தனையோ பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே அனுப்பியிருக்கிறேன். என்னை யாரும் அனுப்பியதில்லை.

அன்றிலிருந்து இந்தப் பெஞ்சு. செவிலியர் சொன்னதற்காக இல்லை. உள்ளே கூட்டம், காற்றோட்டம் இல்லை, பினாயில் வாடை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதனால்தான்.

இந்த மஞ்சள் பையா? பூசணிக்காய் என்று நினைத்தீர்களா? இல்லை, அவன் தலைக்கவசம். ஆம்புலன்சில் ஏற்றும்போது அங்கேயே கிடந்தது, எடுத்து வைத்தேன். ஒரு பக்கம் கீறல், சோப்புப் போட்டுத் துடைத்திருக்கிறேன். ஷர்மிளாவிடம் கொடுத்து அனுப்பலாம்தான். ஆனால் இதை நேரில் கொடுத்து இரண்டு வார்த்தை பேச வேண்டும். நாளைக்கு அறுவைச் சிகிச்சை. இன்றைக்கே பேசிவிட்டால் நல்லது. என்ன பேசப் போகிறேன் என்றால், அது... அதை அவனிடம்தான் சொல்ல வேண்டும்.

என்ன சொன்னீர்கள்? என்னையா கேட்டான்? எப்போது? நேற்றும் கேட்டானா? “வெளியில பெஞ்சுல வயசான அம்மா, கண்ணாடி போட்டவங்க, இருக்காங்களா” என்றா? நீங்கள் என்ன சொன்னீர்கள்? இருக்கிறார்கள் என்று சொன்னீர்களா. அதற்கு அவன்?  போர்வையை இழுத்துச் சரியாக மூடிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தானா.

ம்.

வெந்நீர் ஆறுகிறது உங்களுக்கு. போங்கள், வீட்டுக்காரர் காத்திருப்பார். இல்லை, ஒரு நிமிடம். எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். நான் வாசல் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன், அங்கிருந்து என்னைத் தெரியாது. நீங்கள் முதலில் போய் அவனிடம் சொல்லுங்கள். டீச்சர் வருகிறார்கள், எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லுங்கள். கையைக் கட்ட வேண்டாம். படுத்துக்கொண்டே பேசலாம். வாய்க்குள் முனகினால்கூடப் பரவாயில்லை, நான் கிட்டே வந்து கேட்டுக்கொள்வேன். என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பேசட்டும்.

நீங்கள் சொன்னால் கேட்க மாட்டான். ஷர்மிளா சொன்னபோதும் கேட்கவில்லை, சொன்னேனே. நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நான் சொன்னால் கேட்பான்.